ஒரே பேரில் ரெண்டு பேர்

ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுட்டு டிவி முன்னாடி உட்கார்ந்த காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. டோரேமான், பெர்மேன், கிட்டெரெட்சு, நிஞ்ஜா ஹட்டோரி. எல்லாத்துலயும் ஒரு சாதாரண தெரு, ஒரு சாதாரண பையன், அவன்கூட ஒட்டிக்கிட்டுத் திரியுற ஒரு விசித்திரமான துணை. இந்த நாலும் ஏன் ஒரே ஜாடையா இருக்குன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? அவ்வளவும் ஒரே பேரில் வந்த கதைகள். ஃபுஜிகோ ஃபுஜியோ.

அப்படி ஒரு ஆள் கிடையாது. அது ரெண்டு பேர் சேர்ந்து வெச்சுக்கிட்ட பேர். ஹட்டோரியை வரைஞ்சவர் அபிகோ மொத்தோ. மத்த மூணும் ஃபுஜிமோத்தோ ஹிரோஷி வரைஞ்சது. ரெண்டு பேரும் அஞ்சாங்கிளாஸ் ஃபிரெண்ட்ஸ். நான் இங்க சொல்லப்போறது ஃபுஜிமோத்தோவோட கதை. ஆனா அபிகோவை விட்டுட்டு அதைச் சொல்ல முடியாது, நீங்களே பார்ப்பீங்க.

சின்ன வயசு ஃபிரெண்ட்ஸ் பெரியவங்க ஆனதும் திரும்ப சந்திக்கிற அனிமே எதுன்னு கேட்டா நம்ம ஹாஸ்டல்ல பாதி பேர் 'அனோஹனா'ன்னு சொல்லுவீங்க. அதுல வர்றவங்க இன்னும் ஸ்கூல் பசங்கதான். நிஜமாவே வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, டை கட்டின ஃபிரெண்ட்ஸ் திரும்ப ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்? அதை 1973-லயே ஃபுஜிமோத்தோ ஒரு சின்ன மங்காவா வரைஞ்சுட்டார். டோரேமான் வரைஞ்ச அதே கை. அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த ஆள் எங்கிருந்து வந்தார்னு பார்க்கணும்.

ஜப்பானோட மேற்குக் கடலோரத்தில் தோயாமா மாகாணம். குளிர்காலத்தில் பனி கொட்டுற ஊர்ப்பக்கம். அங்க தக்காவோக்கா என்ற ஊரில் 1933 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபுஜிமோத்தோ பிறந்தார். ஒல்லி, கூச்சம், விளையாட்டில் பூஜ்யம். நோபிட்டா எங்கிருந்து வந்தான்னு தனியா விளக்கம் தேவையில்லை.

அபிகோ பக்கத்திலிருக்கும் ஹிமியில் ஒரு புத்தக் கோயில் வீட்டில் பிறந்தவர். அப்பா அங்கே குரு. அவர் இறந்ததும் கோயிலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1944-இல், போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், தக்காவோக்கா பள்ளியில் வந்து சேர்ந்தார். புது ஊர், தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லை. தனியா உட்கார்ந்து நோட்டில் படம் வரைஞ்சுக்கிட்டிருந்தார். அதே கிளாஸில் வரையத் தெரிஞ்ச இன்னொரு பையன் ஃபுஜிமோத்தோ. அவ்வளவுதான் ஆரம்பம். ரெண்டு பேருக்கும் பத்து வயசு.

1947-இல் தெசுக்கா ஒசாமுவோட 'புதிய புதையல் தீவு' புத்தகமா வந்துச்சு. இன்னைக்கு மங்காவின் கடவுள்னு சொல்றாங்களே, அந்தத் தெசுக்காதான். தாளில் நிற்கிற படம் சினிமா மாதிரி ஓடுறதைப் பார்த்து ரெண்டு பசங்களுக்கும் பைத்தியம் பிடிச்சிருச்சு. அப்புறம் படிப்பு, சாப்பாடு எல்லாம் ரெண்டாம்பட்சம். ஸ்கூல் முடிக்கிறதுக்கு முன்னாடியே, 1951 கடைசியில், சிறுவர் நாளிதழ் ஒண்ணுல அவங்களோட நாலு கட்டத் தொடர் அச்சாயிடுச்சு.

புனைபெயர் வைக்கணும்னு வந்தப்போ தெசுக்கா மேல இருந்த பக்தியில் அவர் பேரையே எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் அது ரொம்ப அதிகப்பிரசங்கித்தனமா தோணியிருக்கு. தெசுக்காவில் 'தெ'ங்கிற எழுத்துக்குக் கைன்னு அர்த்தம். அதை எடுத்துட்டு, காலுக்கான எழுத்தைப் போட்டு, அஷிசுக்கா ஃபுஜியோன்னு வெச்சுக்கிட்டாங்க. குருவோட கைக்கு நாங்க ஈடில்லை, காலுக்கு வேணா வர்றோம்னு அர்த்தம். 1953-இல் வந்த அவங்களோட முதல் புத்தகம் இந்தக் கால் பேரில்தான் இருக்கு. அதுக்கப்புறம்தான் ஃபுஜிமோத்தோவின் முன்பாதி, அபிகோவின் கடைசி எழுத்து ரெண்டையும் ஒட்டி ஃபுஜிகோ.

இப்போ ட்ரிப்பிள்-ஈ டிபார்ட்மென்ட் கவனிங்க. ஃபுஜிமோத்தோ உயர்நிலைப் பள்ளியில் படிச்சது தொழிற்கல்வி, எலக்ட்ரிக்கல் பிரிவு. 1952-இல் முடிச்சுட்டு ஒரு மிட்டாய்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சில நாளில் விட்டுட்டார். மாசக்கணக்கில்கூட இல்லை, சில நாள். அபிகோவுக்கோ நல்ல இடம் கிடைச்சிருந்தது. தோயாமாவில் ஒரு செய்தித்தாள் ஆபீஸ். அவருக்கு அந்த வேலை பிடிச்சும் இருந்தது. அப்பா இல்லாத வீட்டுக்கு மாசச் சம்பளம் வந்துக்கிட்டிருந்தது.

நிலைமையை நம்ம கிளாஸுக்குக் கொண்டுவந்து பாருங்க. ஒருத்தன் பிளேஸ் ஆகி, ஆஃபர் லெட்டர் வாங்கி, சேர்ந்து, ரெண்டு வருஷமா சம்பளம் வாங்குறான். இன்னொருத்தன் வீட்டில் உட்கார்ந்து படம் வரையுறான். அந்த ரெண்டாவது ஆள் ஒருநாள் முதல் ஆள்கிட்ட வந்து, வேலையை விடு, டோக்கியோ போய் மங்கா வரையலாம்னு சொல்றான். நம்ம வீட்டில் என்ன பேச்சு கிளம்பும்? சேர்க்கை சரியில்லைன்னுதான்.

அபிகோ தயங்கினார். அம்மாகிட்ட கேட்டார். அம்மா உன் இஷ்டம்னு விட்டுட்டாங்க. வேலையை விட்டார். 1954-இல் ரெண்டு பேரும் ரயில் ஏறினாங்க.

இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வேணும்.

டோக்கியோவில் முதலில் கிடைச்சது அபிகோவின் சொந்தக்காரர் வீட்டில் ரெண்டு பாய் அறை. அங்க அறையின் அளவைத் தரையில் விரிக்கிற பாயின் எண்ணிக்கையில் சொல்லுவாங்க. ரெண்டு பாய்னா ஏறக்குறைய மூணே கால் சதுர மீட்டர். நம்ம ஹாஸ்டல் ரூமைத் திட்டுறவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். அந்த வருஷக் கடைசியில் தெசுக்கா, தான் தங்கியிருந்த தோக்கிவா-சோ என்ற மரக்கட்டட வாடகை வீட்டைக் காலி பண்ணினார். அந்த ரூம் இவங்களுக்குக் கிடைச்சது. கட்டியிருந்த 30,000 யென் அட்வான்ஸையும் தன்னோட மேஜையையும் அங்கயே விட்டுட்டுப் போனார் மனுஷன். அந்தப் பணத்தைப் புரட்ட இவங்களால் அப்போ முடிஞ்சிருக்காது. பொது சமையலறை, பொது கழிப்பறை. அடுத்தடுத்த வருஷங்களில் இஷினோமோரி ஷோதாரோ, அக்கட்சுக்கா ஃபுஜியோன்னு பின்னால் பெரிய பேர் வாங்கின பலர் அதே கட்டடத்தில் வந்து தங்கினாங்க. ஒருத்தருக்கு டெட்லைன் நெருங்கினா மத்தவங்க பேனாவோட போய் உட்காருவாங்க. அசைன்மென்ட் நைட் மாதிரிதான்.

டெட்லைன்னு சொன்னதும் 1955 பொங்கல் ஞாபகம் வருது. பொங்கல் இல்லை, அவங்களுக்குப் புத்தாண்டு. டோக்கியோ போனப்புறம் முதல் தடவையா ஊருக்கு வந்தாங்க. கையில் பல பத்திரிகைகளோட வேலை. ஊர்ச் சாப்பாடு, வீட்டுக் கதகதப்பு, சொந்தபந்தம். வேலை நகரவே இல்லை. எடிட்டர்கள்கிட்டருந்து தந்தி மேல தந்தி. பெரும்பாலான வேலையைக் குறிச்ச நாளில் கொடுக்க முடியாம விட்டுட்டாங்க. புதுசா வந்த ரெண்டு பசங்க இப்படிச் செஞ்சா என்ன ஆகும்? கிட்டத்தட்ட ஒரு வருஷம் சரியான வேலை வரலை. செமஸ்டர் லீவுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போறவங்க இந்தப் பாராவைப் பிரிண்ட் எடுத்துக்கலாம்.

அதுக்கப்புறம் மெதுவா மீண்டு வந்தாங்க. அந்த நடுவுப் பத்து வருஷத்தை வேகமாத் தாண்டிடுறேன். 1964-இல் 'ஒபாக்கே நோ கியூ-தாரோ' தொடங்கிச்சு. தலையில் மூணே முடி இருக்கிற ஒரு வெள்ளைக் குட்டிப் பேய், ஷோத்தா என்ற பையன் வீட்டில் வந்து தங்குற கதை. பயமுறுத்தத் தெரியாத பேய், மூட்டை மூட்டையா சாப்பிடும். அடுத்த வருஷமே டிவியில் வந்து ஜப்பானே பைத்தியமாச்சு. அது ரெண்டு பேரும் உட்கார்ந்து சேர்ந்து வரைஞ்ச கதை. பேயை ஃபுஜிமோத்தோ வரைவார். ஷோத்தாவை அபிகோ வரைவார். தெருப் பசங்களில் சிலரை இஷினோமோரி. ஒரே கட்டத்துக்குள்ள பேயும் பையனும் பேசிக்கிட்டா, அது ரெண்டு நண்பர்களோட கை பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கதைன்னு தனித்தனியா வரைய ஆரம்பிச்சுட்டாங்க. ரசனை அப்பவே பிரிஞ்சிடுச்சு. அபிகோவுக்கு நாலு பேரோட பழகணும், கோல்ஃப் ஆடணும், குடிக்கணும். அவர் கதைகளில் மனுஷனோட இருட்டுப் பக்கம் வரத் தொடங்கிச்சு. ஃபுஜிமோத்தோ வீடு, ரயில், மேஜை, திரும்ப வீடு. குழந்தைக் கதைகளை விடவே இல்லை. ஆனாலும் அட்டையில் பேர் ஒண்ணுதான்.

1970 ஜனவரி இதழ்களில் டோரேமான் வந்தான். ஒரு பத்திரிகையில் இல்லை, ஆறில். ஷோகாக்குக்கான் நிறுவனம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியா மாத இதழ் போட்டுக்கிட்டிருந்தது. மழலைகளுக்கு ரெண்டு, ஒண்ணாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை நாலு. ஒவ்வொண்ணுக்கும் அந்த வயசுக்குத் தகுந்த மாதிரி வேற வேற டோரேமான் கதை, ஒரே மாசத்தில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சீங்களா? ஏப்ரல் வந்தா குழந்தைகள் அடுத்த வகுப்புக்குப் போயிடுவாங்க, அடுத்த இதழுக்கு மாறிடுவாங்க. நாலாம் வகுப்பு முடிச்ச குழந்தைக்கு அடுத்த இதழில் டோரேமான் கிடையாது. அதனால் 1971 மார்ச்சிலும் 1972 மார்ச்சிலும் நாலாம் வகுப்பு இதழில் மட்டும் பிரிவுக் கதை வரைஞ்சார் ஃபுஜிமோத்தோ. போற பிள்ளைகளுக்குச் சொல்லிட்டு அனுப்பணுமில்லையா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதே மாசம் டோரேமான் ஜாலியா பறந்துக்கிட்டிருப்பான். ஃபைனல் இயர்ல உட்கார்ந்து இதைப் படிக்கிறப்போ எனக்கு என்னவோ பண்ணிச்சு. இங்கயும் அதேதான். ஜூனியர்ஸுக்கு கேன்டீன் அப்படியே இருக்கும்.

1973-க்கு வருவோம். ஃபுஜிமோத்தோவுக்கு 39 வயசு. டோரேமான் இன்னும் பெரிய ஹிட் ஆகலை. அந்த வருஷம் டிவியில் வந்த முதல் டோரேமான் தொடர் ஆறே மாசத்தில் நின்னு போச்சு. அந்த வருஷத் தொடக்கத்தில், பெரியவங்க படிக்கிற 'பிக் காமிக்' இதழில் அவர் ஒரு சிறுகதை வரைஞ்சார். பேர் 'கெகிகா ஒபா-கியூ'. கெகிகான்னா பெரியவங்களுக்கான, நிஜம் மாதிரி கறுப்பு நிழலெல்லாம் போட்ட மங்கா பாணி. ஸ்பாய்லர் சொல்லப்போறேன். ஐம்பது வருஷம் தாண்டின கதை, மன்னிச்சிடுங்க.

பதினஞ்சு வருஷம் கழிச்சு கியூ-தாரோ பேய் திரும்பி வருது. ஷோத்தா இப்போ கம்பெனி ஊழியன். கல்யாணம் ஆயிடுச்சு. பழைய நண்பனைப் பார்த்ததில் சந்தோஷம்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். பேய் முன்ன மாதிரியே கிண்ணம் கிண்ணமா சோறு சாப்பிடுது. ராத்திரி குறட்டை விடுது. இது எத்தனை நாள் இங்க இருக்கும்னு மனைவி புருஷன்கிட்ட முணுமுணுக்கிறது பேய் காதில் விழுது. அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளம் அளந்து வர்ற வீடு.

இதுக்கு நடுவில் இன்னொரு பழைய நண்பன் சொந்தத் தொழில் தொடங்குறான். வேலையை விட்டுட்டு வான்னு ஷோத்தாவைக் கூப்பிடுறான். மனைவிக்குச் சம்மதமில்லை. ஷோத்தா முடிவெடுக்க முடியாம தவிக்கிறான். ஒரு சாயங்காலம் பழைய கேங் மொத்தமும் கூடுது. சின்ன வயசில் பசங்களுக்கான ராஜ்ஜியம்னு ஒண்ணு அமைக்கப் போறோம்னு அவங்க தைச்ச கொடி வெளியில் வருது. குடி, பாட்டு, அழுகை, கட்டிப்பிடிப்பு. நாம இன்னும் பசங்கதான்டா, அந்தக் கனவை முடிச்சே தீரணும்னு எல்லாரும் சத்தியம் பண்றாங்க. ஷோத்தாவும் வேலையை விடுறதுன்னு துணிஞ்சிடுறான்.

காலையில் மனைவி ஒரு விஷயம் சொல்றாங்க. அவங்க உண்டாகியிருக்காங்க. ஷோத்தாவுக்குத் தலைகால் புரியலை. நேத்து ராத்திரி பேசினது எதுவுமே நடக்காத மாதிரி, வேகமா கிளம்பி ஆபீஸுக்குப் போறான். ஓட்டமும் நடையுமா. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்துக்கிட்டு நின்ன பேய்க்குப் புரியுது, அவனுக்குக் குழந்தை வரப்போகுதுன்னா அவன் இனிமே குழந்தை இல்லைன்னு. யார்கிட்டயும் சொல்லிக்காம பறந்து போயிடுது. அவ்வளவுதான் கதை.

யாரும் கெட்டவங்க இல்லைங்கிறதுதான் இதில் கஷ்டமே. சண்டை கிடையாது, துரோகம் கிடையாது. ஷோத்தா சந்தோஷமா இருக்கான். அழற மாதிரி மியூசிக் போட்டு, எல்லாரும் திரும்பச் சேர்ந்தாச்சுன்னு முடிக்கிற எந்த அனிமேயையும் இதுக்குப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, அது கொஞ்சம் பொய்யாத் தெரியும்.

இப்போ முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன இடத்துக்கு வாங்க. வேலையில் இருக்கும் ஒரு நண்பன். கனவோட வந்து கூப்பிடுற இன்னொருத்தன். நிஜத்தில் 1954-இல் கூப்பிட்டது ஃபுஜிமோத்தோ. ஆபீஸை விட்டுட்டு வந்தது அபிகோ. கதையில் ஷோத்தா ஆபீஸுக்கே போயிடுறான். முன்னாடி ஷோத்தாவை வரைஞ்சுக்கிட்டிருந்த கை அபிகோவோட கை. இந்தத் தடவை அவனையும் ஃபுஜிமோத்தோவே வரைஞ்சார். அபிகோ வரலைன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அவர் வரைஞ்சு பார்த்தார்னு நான் படிக்கிறேன். நீங்க வேற மாதிரி படிக்கலாம். ஆனா அந்தப் பேயோட முதுகை ஒருதரம் பாருங்க, அப்புறம் பேசலாம்.

அடுத்த வருஷம், 1974 மார்ச் இதழுக்கு, டோரேமானையும் முடிச்சிடலாம்னு ஒரு பிரிவுக் கதை வரைஞ்சார். தனியா நின்னு ஜியான்கிட்ட அடி வாங்கி, விடாம மல்லுக்கட்டி, கடைசியில் அவனையே போதும்னு சொல்ல வைக்கிறான் நோபிட்டா. அதைப் பார்த்துட்டுதான் டோரேமான் நிம்மதியா கிளம்புறான். நீங்க பார்த்திருப்பீங்க, 2014-இல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' படத்தில் இது வரும். ஆனா மனசு கேட்கலை போல. அடுத்த மாசமே டோரேமானைத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டார். அந்த வருஷம் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாப் போட்டாங்க, அது பிச்சுக்கிட்டுப் போச்சு. 1979-இல் புது டிவி தொடர், 1980-இலிருந்து வருஷா வருஷம் சினிமா. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

1980-களின் நடுவில் அவர் வரைஞ்ச ஒரு டோரேமான் கதை இந்தப் பேய்க் கதைக்குப் பதில் மாதிரி இருக்கும். நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இருக்கிற நோபிட்டா, ஒரே ஒரு நாள் சின்ன நோபிட்டாவோட உடம்பை மாத்திக்கிட்டு பழைய வீட்டுக்கு வர்றார். ஜியானோட பேஸ்பால் ஆடி, அம்மாகிட்ட திட்டு வாங்குறார். அந்தத் திட்டுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆனதும் கிளம்பிடுறார். இந்தத் தடவை யாரும் முதுகைக் காட்டிக்கிட்டுப் போகலை.

1986-இல் ஃபுஜிமோத்தோவுக்கு உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. அடுத்த வருஷக் கடைசியில் ரெண்டு பேரும் பேரைப் பிரிச்சுக்கிட்டாங்க. சண்டையான்னு கேட்காதீங்க, இல்லை. ரெண்டு பேருக்கும் குடும்பம் இருந்தது. ஒரே பேரில் கதைகளும் பணமும் கலந்து கிடந்தா, ஒருத்தர் போனதுக்கப்புறம் எது யாரோடதுன்னு வீட்டில் இருக்கிறவங்க அடிச்சுக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி நண்பர்களே உட்கார்ந்து பிரிச்சுட்டாங்க. ஃபிரெண்ட்ஷிப்னா எழுத்து, கணக்கு எதுவும் இருக்கக் கூடாதுன்னு நம்மாளுங்க வீரமாப் பேசுவாங்க. ஸ்டார்ட்-அப் ஐடியாவோட சுத்துற என் நண்பர்களே, இந்த இடத்தை ரெண்டு தரம் படிங்க.

பேரை மட்டும் யாரும் விடலை. அபிகோ கடைசியில் ஏ சேர்த்துக்கிட்டார். ஃபுஜிமோத்தோ நடுவில் எஃப் சேர்த்து ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஆனார். கவாசாக்கியில் ரெண்டு பேர் வீடும் கூப்பிடு தூரம்தான், அதுவும் மாறலை.

டோரேமானை அவர் விடலை. 1996 செப்டம்பர் 20-ஆம் தேதி அடுத்த வருஷ சினிமாவுக்கான கதையை வீட்டில் வரைஞ்சுக்கிட்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டப்போ பதில் வரலை. மகள் போய்ப் பார்த்தால், கையில் பென்சிலோட மேஜையில் நினைவில்லாம இருந்தார். 23-ஆம் தேதி இறந்தார். கல்லீரல் செயலிழப்பு. 62 வயசு. அந்தக் கதையை அவர்கிட்ட வேலை பார்த்தவங்க முடிச்சாங்க, படம் 1997-இல் வந்தது.

அபிகோ அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தார். 2022 ஏப்ரலில், 88 வயசில், அதே கவாசாக்கியில் காலமானார்.

அடுத்த தடவை டோரேமான் புத்தகம் கையில் கிடைச்சா அட்டையைப் பாருங்க. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோன்னு இருக்கும். அந்த 'கோ' அபிகோவோடது.